எதிர்க்கடன்

கேள்வி: துருக்கியர், பல்கேரியர், செர்பியர், ரஷ்யர், உக்ரேனியர் எல்லோருமே துறைமுகத்துக்கு 'லிமான்' என்ற ஒரே சொல்லைக் கடன் வாங்கியிருக்கிறார்களாமே? இத்தனை பேருக்கும் சொந்தமாக ஒரு சொல் கிடையாதா? மூலம் தமிழ்தான் என்று என் நண்பர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: 'கடன்' என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள் உங்களுக்கு? கடன் என்றால் வாங்கியவர் ஒருநாள் திருப்பித் தரவேண்டும். சாவி, ஜன்னல், அலமாரி மூன்றையும் போர்த்துகீசியரிடம் எடுத்துக்கொண்டோம். ஜாமீன் கையெழுத்து இல்லை, வட்டி இல்லை, லிஸ்பனிலிருந்து இதுவரை ஒரு ஜப்தி நோட்டீஸும் வரவில்லை. கொடுத்தவர் வீட்டிலும் சாமான் வைத்த இடத்தில் வைத்தபடியே இருக்கிறது. நகைக்கடன் வாங்கப் போய் மூன்று மணி நேரம் டோக்கனோடு உட்கார்ந்திருப்பவரிடம் போய் இதற்குப் பெயர் கடன் என்று சொல்லிப் பாருங்கள். எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லுங்கள், போதும்.

வேடிக்கை என்னவென்றால், நீங்கள் கேட்ட சொல் மட்டும் நிஜமாகவே திரும்பிப் போயிருக்கிறது. பழைய கிரேக்கத்தில் துறைமுகம் 'லிமேன்'. அது நடுக்காலப் பேச்சில் 'லிமேனி' ஆனது. துருக்கியர் அதை எடுத்து 'லிமான்' ஆக்கினார்கள். பிறகு கிரேக்கர்களே அந்தத் துருக்கி வடிவத்தைத் திரும்ப வாங்கி, வாலில் ஓர் 'இ' சேர்த்து 'லிமானி' என்றார்கள். இன்று பிரேயஸ் கப்பல்துறையில் காதில் விழுவது அதுதான். பழைய வடிவம் அரசாங்கப் பெயர்ப்பலகைக்குப் போய்விட்டது. கடலோரக் காவல்படைக்குப் பெயர் 'லிமெனிகோ சோமா'. இப்படி வெளியே போய் வேஷம் மாறித் திரும்பும் சொல்லுக்கு கிரேக்க இலக்கணக்காரர்கள் 'அந்திதானியோ' என்று தனிப்பெயரே வைத்திருக்கிறார்கள். எதிர்க்கடன்.

சொந்தச் சொல் இல்லையா என்கிறீர்கள். தாராளமாக இருக்கிறது. ரஷ்யாவில் 'ப்ரிஸ்தான்', செக் மொழியில் கிட்டத்தட்ட 'ப்ர்ஷீஸ்தாவ்', பல்கேரியாவில் 'ப்ரிஸ்தானிஷ்தே'. 'ப்ரி' என்றால் அருகே. அடுத்து வருவது 'நில்' என்னும் வினை. சமஸ்கிருத 'ஸ்தா'வுக்கு உடன்பிறப்பு. செர்பியரும் குரோவேசியரும் 'லூகா' என்பார்கள், வளைவு என்ற பொருளில் பிறந்த அசல் ஸ்லாவியச் சொல். வடக்கே கதை வேறு. ரஷ்ய மன்னர் மகா பீட்டர் 1697இல் ஹாலந்துக்குப் போய், ஸாண்டாமிலும் ஆம்ஸ்டர்டாமிலும் கப்பல் கட்டும் தளத்தில் கோடாரி பிடித்தவர். திரும்பும்போது ஆட்களையும் கொண்டுவந்தார், சொற்களையும் கொண்டுவந்தார். டச்சு 'ஹாவன்' ரஷ்யாவில் 'காவன்' ஆனது. ரஷ்யனுக்கு 'ஹ' வராது. ஹாம்லெட் அங்கே 'காம்லெட்', ஹவானாகூட 'கவானா'. மாலுமியைக் குறிக்கும் 'மத்ரோஸ்', கப்பல் அறையைக் குறிக்கும் 'கயூத்தா' எல்லாம் அந்தக் காலத்துச் சரக்குதான். ஆக, பால்டிக் பக்கம் டச்சு, கருங்கடல் பக்கம் துருக்கி வழி வந்த கிரேக்கம். துறையை யார் நடத்தினாரோ அவர் வாய்ச்சொல் நின்றது.

இனி உங்கள் நண்பர். வேர்ச்சொல் வேட்டைக்காரர்களோடு இந்தப் பக்கத்துக்கு இருக்கும் பழைய வழக்கு உங்களுக்குத் தெரியாதது அல்ல. இரண்டு சொல் காதுக்கு ஒன்றாகக் கேட்டால் போதும், 'நிலம் + ஆன்' என்று பிளந்துவிடுவார்கள். காது போதுமென்றால் துருக்கியில் எலுமிச்சைக்குப் பெயர் 'லிமோன்'. துறைமுகத்தில் பிழிந்து குடிக்கலாமா? சொல் கைமாறியது என்று காட்ட மூன்று வேண்டும். கொடுத்த மொழியில் அது பழைய எழுத்தில் இருக்கவேண்டும். 'லிமேன்' பழைய கிரேக்கக் கவி ஹோமரிலேயே இருக்கிறது. அங்கே அதற்குச் சொந்தபந்தம் இருக்கவேண்டும். ஏரியைக் குறிக்கும் 'லிம்னே' பக்கத்து வீடு. இரு மக்களும் பழகிய இடத்தைக் காட்டவேண்டும். கிரேக்கத்துக்கும் துருக்கிக்கும் நடுவே ஏஜியன் கடற்கரை முழுக்க அதுதான். நண்பரிடம் மூன்றில் ஒன்றைக் கேளுங்கள்.

சுவாரசியம் வேறு இடத்தில் இருக்கிறது. ரஷ்ய, உக்ரேனிய மொழிகளில் 'லிமான்' துறைமுகமே அல்ல! ஆற்றுமுகத்து உப்பங்கழி. பனியுகம் முடிந்து கடல் ஏறியபோது கருங்கடல் ஓரத்து ஆற்றுப் பள்ளத்தாக்குகள் மூழ்கின. கரையோர நீரோட்டம் கொண்டுவந்த மணல் ஆற்றுவாயின் குறுக்கே திட்டாகப் படிந்தது. அந்தத் திட்டுக்குப் பெயர் 'பெரெசிப்'. தினீஸ்தர்போலப் பெரிய ஆறு என்றால் மணலை உடைத்து ஒரு வாயை வைத்துக்கொள்ளும். ஒடெஸா பக்கத்துக் குயால்னிக்போலச் சின்ன ஆறு என்றால் வாய் அடைபட்டு, தண்ணீர் வற்றி, உப்பும் கருஞ்சேறும் மிஞ்சும். அந்தச் சேற்றை உடம்பில் பூசி வைத்தியம் பார்க்க 1833 முதல் அங்கே ஆட்கள் வருகிறார்கள். தினீஸ்தர் லிமானின் சராசரி ஆழமே சுமார் 2 மீட்டர்தான். பழைய பனாமா கால்வாயில் நுழையக்கூடிய பெரிய கப்பலோ முழுச் சுமையோடு 12 மீட்டர் மூழ்கும். லிமானின் ஆழம் போதாது என்றுதான் 1794இல் ஒடெஸாவை எந்த லிமானிலும் வைக்காமல் திறந்த விரிகுடாவில் வைத்தார்கள்.

அப்புறம் தூர்வாரும் இயந்திரம் வந்தது. 1950களில் சுகீய் லிமானை, அதாவது 'வறண்ட லிமானை', தோண்டினார்கள். இன்றைய சோர்னமோர்ஸ்க் துறைமுகம் அது. 1970களில் ஹ்ரிஹோரிவ்ஸ்கி லிமானின் மணல்திட்டை வெட்டிக் கால்வாய் போட்டார்கள், பிவ்தென்னி. உக்ரேனிலேயே ஆழமான துறைமுகம். 2022 ஜூலை 22 அன்று போரில் முடங்கிய உக்ரேன் தானியத்தைக் கப்பலேற்ற இஸ்தான்புல்லில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது திறக்கப்பட்ட மூன்று துறைமுகங்களில் இரண்டு இவை. சேற்றுக் கழியாகிப்போன சொல்லை மண்வாரி மறுபடி துறைமுகம் ஆக்கிவிட்டது.

எல்லா இடத்திலும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் மழைவெள்ளத்தை மண்கரை கட்டித் தேக்கி மரம் வளர்க்கும் தோப்புக்குப் பெயர் 'லிமான்'. எபிரேயத்தில் துறைமுகத்துக்கு உள்ள 'நமல்', அதே கிரேக்கச் சொல்லை எழுத்து இடம்மாற்றிப் பெற்றது. எகிப்தில் கேட்கவே வேண்டாம். கைதிகளைக் கப்பல்துறையில் கடுங்காவல் வேலைக்கு விட்டார்கள். கொஞ்ச நாளில் 'லிமான்' என்றாலே ஜெயில். கெய்ரோ பக்கம் 'லிமான் தோரா' என்றால் சுற்றுலா என்று கிளம்பிவிடாதீர்கள்.

கடைசியாக நம் பத்திரிகைத் தம்பிகளுக்கு: 2022 அக்டோபரில் உக்ரேன் ரஷ்யாவிடமிருந்து மீட்ட, தொனெத்ஸ்க் மாநிலத்து ஊரின் பெயர் 'லைமன்' அல்ல. ஆங்கிலத்தில் ஒய் எழுத்தைக் கண்டதும் 'லை' போடும் பழக்கத்தை விடுங்கள். அதுவும் லிமான்தான். கடல் அங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால்.