பட்டாசு பார்சல் ‘பார்சல் குண்டு’ ஆகிவிடுமா?

கேள்வி: என் மகனுக்கு 21 வயது. சிவகாசியில் வாங்கிய தீபாவளிப் பட்டாசைக் கோவையில் இருக்கும் நண்பனுக்குக் கூரியரில் அனுப்பினான். பெட்டிக்குள் ‘துணி’ இருப்பதாகச் சொல்லியிருக்கிறான். கூரியர் குடோனில் அது வெடித்து ஓர் ஊழியருக்குக் கையில் தீக்காயம். செய்தியில் ‘பார்சல் குண்டு’ என்று போட்டுவிட்டார்கள். போலீசார் விசாரணைக்கு அழைக்கிறார்கள். வெடிகுண்டு வழக்கு வருமா ஐயா?
– ஒரு தாய், விருதுநகர் மாவட்டம்

பதில்: அம்மா, அந்தச் செய்தியைப் படித்துவிட்டு நீங்கள் எப்படித் தூங்கியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். முதலில் அந்தச் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பார்சல் குண்டு, கடித குண்டு என்றெல்லாம் சட்டத்தில் தனிக் குற்றம் கிடையாது. பிரிப்பவரைக் கொல்லவோ காயப்படுத்தவோ திட்டமிட்டு அனுப்புவதைத்தான் பேச்சு வழக்கில் அப்படிச் சொல்கிறோம். ஒடிசாவின் பட்னாகரில் 2018 பிப்ரவரியில் நடந்ததே, அதுதான் பார்சல் குண்டு. கல்யாணப் பரிசு என்று ராய்ப்பூரிலிருந்து பொய்ப் பெயரில் கூரியரில் வந்த பெட்டி, புதுமாப்பிள்ளையையும் அவர் வீட்டு மூதாட்டியையும் கொன்றது. அனுப்பிய கல்லூரி ஆசிரியருக்கு 2025 மே மாதம் ஆயுள் தண்டனை விதித்தார்கள்.

நீங்கள் எனக்கு அனுப்பிய கூரியர் ரசீதைப் பாருங்கள். அனுப்புநர் இடத்தில் அவன் சொந்தப் பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண். குண்டு அனுப்புகிறவன் இதையெல்லாம் எழுதிக் கொடுப்பானா? அந்த ரசீதுதான் உங்கள் முதல் சாட்சி.

1908-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டத்தின் 3-ஆம் பிரிவு கடுமையானது. குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். ஆனால் தீய எண்ணத்தோடு வெடிக்கச் செய்திருந்தால்தான் அது பொருந்தும். எனக்குக் கவலை தருவது 5-ஆம் பிரிவு. சந்தேகப்படும் சூழ்நிலையில் வெடிபொருளை வைத்திருந்தால், நல்ல நோக்கத்துக்குத்தான் வைத்திருந்தேன் என்று நாம்தான் காட்ட வேண்டும். ‘துணி’ என்ற அந்த ஒரு வார்த்தை இங்கேதான் உறுத்தும். இந்தச் சட்டத்தில் வழக்குப் போட்டாலும் மாவட்ட மாஜிஸ்திரேட்டின் ஒப்புதல் இல்லாமல் கோர்ட்டில் விசாரணையைத் தொடங்க முடியாது.

அதற்காகத் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். விதியை மீறி வெடிபொருளை அனுப்பினால் 1884-ஆம் ஆண்டு வெடிமருந்துச் சட்டம் என்ற இன்னொரு சட்டத்தின் 9பி பிரிவில் 2 ஆண்டு வரை சிறை அல்லது 3,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அஜாக்கிரதைக்கு, இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 288-ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை. ஊழியரின் காயத்துக்குத் தனிப் பிரிவு சேரலாம்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நண்பன் பட்டாசு கேட்ட வாட்ஸ்அப் உரையாடலை அழிக்க வேண்டாம். அந்தப் போனை மாற்றவும் வேண்டாம். பட்டாசுக் கடை பில்லைத் தேடி எடுங்கள். முதல் தகவல் அறிக்கை போட்டிருக்கிறார்களா, எந்தெந்தப் பிரிவு என்று காவல்துறை இணையதளத்தில் பாருங்கள். 1908 சட்டம் இருந்தால் வக்கீல் மூலம் செஷன்ஸ் கோர்ட்டில் முன்ஜாமீன் கேளுங்கள். இல்லையென்றால் நோட்டீஸ் வந்ததும் வக்கீலோடு போய் ஆஜராகட்டும். ‘துணி’ என்று சொன்னது ஏன் என்று கேட்டால் கூரியரில் பட்டாசு எடுக்க மாட்டார்கள் என்பதால் என்று உண்மையைச் சொல்லட்டும். அங்கே இன்னொரு பொய் சொன்னால் என்னாலும் காப்பாற்ற முடியாது.

அப்புறம், அந்தக் குடோன் ஊழியரின் வைத்தியச் செலவை ஏற்றுக்கொள்ள முடியுமா என்று பாருங்கள். நேரில் போக வேண்டாம், சாட்சியைக் கலைக்கப் பார்த்ததாகச் சொல்லிவிடுவார்கள். வக்கீல் மூலமாகவே கேளுங்கள்.