குரல் வருகிறது, படம் வரவில்லை: வீடியோ பிளேயர் வாங்கும் முன்

கேள்வி: அண்ணன் திருமண வீடியோவைத் தம்ப் டிரைவில் எம்பி4 கோப்பாகக் கொடுத்தார்கள். விண்டோஸ் 11 மடிக்கணினியில் குரல் மட்டும் கேட்கிறது. கணினிக் கடையில் 60 வெள்ளிக்கு ஒரு பிளேயர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (ஈசூன் வாசகி)

பதில்: வேண்டாம். குரல் தெளிவாக வந்து படம் மட்டும் கறுப்பாக இருந்தால் கோப்பு கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. படத்தைச் சுருக்கி, பிறகு விரித்துக் காட்டும் முறைக்குக் கோடெக் என்று பெயர். இந்தப் படத்தைச் சுருக்கிய கோடெக் உங்கள் பிளேயரிடம் இல்லை, அவ்வளவுதான். எம்பி4, எம்கேவி எல்லாம் வெறும் உறை. உள்ளே எச்.264 என்ற கோடெக் இருக்கலாம், எச்.265 எனப்படும் எச்இவிசியும் இருக்கலாம். பின்னது ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரத்தைத் தரும் என்பதால் புதிய கேமராக்கள் பலவும் அதில்தான் பதிகின்றன.

விஎல்சி பிளேயரை அதை உருவாக்கும் வீடியோலேன் தளத்திலிருந்தே இறக்குங்கள், இலவசம். தேடலில் மேலே வரும் விளம்பர இணைப்புகளைத் தொடாதீர்கள், வேண்டாதவையும் சேர்ந்து வரும். படம் ஓடும்போது கன்ட்ரோல், ஜே இரண்டையும் அழுத்தினால் கோடெக் பெயர் தெரியும்.

விண்டோஸின் சொந்தப் பிளேயரிலேயே பார்க்க வேண்டுமென்றால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் ‘எச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷன்ஸ்’ இருக்கிறது. அமெரிக்க விலை 99 சென்ட். 60 வெள்ளி எங்கே, இது எங்கே! எச்.265க்குக் காப்புரிமைக் கட்டணம் உண்டு. மைக்ரோசாஃப்ட் அதைத் தனியாக வசூலிக்கிறது. விஎல்சி குழு இருப்பது பிரான்சில். மென்பொருளுக்குக் காப்புரிமை அங்கே செல்லாது என்பது அவர்கள் நிலைப்பாடு.

படம் வந்தும் விட்டு விட்டு ஓடினால் சிப்பைப் பாருங்கள். இன்டெல்லில் 8 பிட் (நிற நுணுக்கத்தின் அளவு) எச்.265க்கு 6ஆம் தலைமுறையாவது வேண்டும், 10 பிட்டுக்கு 7ஆம் தலைமுறை. அதைவிடப் பழையது என்றால் எச்.264 பிரதி ஒன்றைப் படமெடுத்தவரிடமே கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ‘ஃபாஸ்ட் 1080பி30’ அமைப்பைத் தேர்ந்தெடுத்து மாற்றலாம். மாற்றும்போது தரம் சற்றுக் குறையும், மூலக் கோப்பை அழித்துவிடாதீர்கள். பச்சைக் கட்டங்கள் தெரிந்தால், விஎல்சியின் பிரிஃபரன்சஸில் இன்புட்/கோடெக்ஸ் பகுதிக்குப் போய் ஹார்டுவேர் டிகோடிங்கை (படத்தை விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதியை) நிறுத்துங்கள்.

கேள்வி: சென்னையில் வாங்கிய டிவிடியைப் போட்டால் வட்டாரத்தை மாற்றவா என்று கணினி கேட்கிறது. (உட்லண்ட்ஸ் வாசகர்)

பதில்: அவசரப்பட்டு ‘சரி’ அழுத்தாதீர்கள். டிவிடி விற்பனைக்காக உலகை எண்ணிட்ட வட்டாரங்களாகப் பிரித்திருக்கிறார்கள்: சிங்கப்பூர் வட்டாரம் 3, இந்தியா 5. டிரைவில் 5 முறைதான் மாற்ற முடியும். கடைசியாக வைத்ததில் நிலைத்துவிடும். அந்தப் பெட்டியை மூடிவிட்டு விஎல்சியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் ஓடும். பிடிவாதம் பிடிக்கும் டிரைவ்களும் உண்டு. இந்திய வட்டுகள் நிறைய வைத்திருந்தால் யுஎஸ்பி டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கி 5க்கே ஒதுக்கிவிடுவது மேல்.

கேள்வி: ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய மடிக்கணினியில் மீடியா பிளேயரையே காணோம். (தெம்பனிஸ் வாசகர்)

பதில்: அது விண்டோஸ் ‘என்’ பதிப்பாக இருக்கும். செட்டிங்ஸில் ‘அபவுட்’ பக்கத்தில் பதிப்பின் பெயரைப் பாருங்கள். 2004இல் ஐரோப்பிய ஆணையம் மைக்ரோசாஃப்டுக்கு 49.7 கோடி யூரோ அபராதம் விதித்து, பிளேயர் இல்லாத விண்டோஸையும் விற்க உத்தரவிட்டது. விலை அதேதான் என்பதால் வாங்க ஆளில்லை! செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் என்று தேடி, ‘மீடியா ஃபீச்சர் பேக்’கைச் சேர்த்து, கணினியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கட்டணம் இல்லை.