"தண்ணி வேணுமா?" என்று கேட்கும் பிள்ளை: ஆட்டிசமும் பேச்சும், கேள்வி பதில்

ஆட்டிசம் உள்ள என் நாலு வயது மகனுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால், "தண்ணி வேணுமா?" என்று என்னையே கேட்கிறான். ஏன்? (கோவை அம்மா)

அவன் கேட்கவில்லை அம்மா, சொல்கிறான். டம்ளரை நீட்டும்போதெல்லாம் அவன் காதில் விழுந்தது அந்த வாக்கியம்தானே? நாம் அதைச் சொல் சொல்லாகப் பிரிக்கிறோம். அவனுக்கு அது டம்ளரோடு ஒட்டி வந்த ஒரே துண்டு. 1943-இல் மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்தபோதே, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லும் இந்த எதிரொலியையும், 'நான்', 'நீ' இடம் மாறுவதையும் எழுதியிருக்கிறார். வெகுகாலம் இதை அர்த்தமில்லாத பேச்சு என்று அடக்கத்தான் பார்த்தார்கள். 1980-களில் பாரி பிரிசன்ட் போன்ற பேச்சு நிபுணர்கள் பக்கத்தில் இருந்து கவனித்த பிறகே, அதற்குள் கேட்பதும், ஆமாம் என்பதும், தன்னைத்தானே அமைதிப்படுத்துவதும் இருப்பது புரிந்தது.

'நான்', 'நீ' ஆளுக்கு ஆள் மாறும் சொற்கள். யார் யாரைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்று கவனித்தால்தான் பிடிபடும். தமிழில் "சாப்பிடுறியா" என்றால் 'நீ' வினையின் வாலில் ஒளிந்திருக்கிறது, இன்னும் கஷ்டம். அதனால் அவன் டம்ளரைப் பார்த்ததும் அவன் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லுங்கள்: "தண்ணி வேணும்." சொல்லிவிட்டு உடனே கொடுங்கள். "ஒழுங்கா சொல்லு" என்று டம்ளரைப் பிடித்து வைக்காதீர்கள்.

காது பரிசோதனை ஆயிற்றா? இல்லையென்றால் அதுதான் முதலில்.

பள்ளியில் ஆங்கிலம். வீட்டில் தமிழை நிறுத்தச் சொல்கிறார்கள்.

நிறுத்தாதீர்கள். இரண்டு மொழி கேட்பதால் ஆட்டிசப் பிள்ளைகள் கூடுதலாகப் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டியோடு அவன் எந்த மொழியில் பேசுவான்?

ஆட்டிசம் மொபைல் பார்த்ததால் வந்ததா?

இன்று மூன்றாவது முறை இந்தக் கேள்வி. இல்லை. காது பரிசோதனை செய்யுங்கள்.

அடுத்தவர் மனம் புரியாததுதானே ஆட்டிசத்தில் எல்லாவற்றுக்கும் அடிப்படை?

1985-இல் லண்டனில் செய்த சாலி-ஆன் சோதனையிலிருந்து வந்த கருத்து இது. சாலி, ஆன் இரண்டும் பொம்மைகள். சாலி தன் கோலிக்குண்டை ஓரிடத்தில் வைத்துவிட்டு வெளியே போனதும் ஆன் அதை இடம் மாற்றி வைப்பாள். சாலி திரும்பி வந்து எங்கே தேடுவாள்? மாற்றியது அவளுக்குத் தெரியாதே, வைத்த இடத்தில்தான். ஆட்டிசம் உள்ள 20 பிள்ளைகளில் 16 பேர், குண்டு இப்போது இருக்கும் இடத்தைக் காட்டினார்கள்.

எனக்கு 31 வயது, ஆட்டிசம் உண்டு. மீதி நாலு பேர்? எங்களைப் புரிந்துகொள்ளாதவர்களுக்கு என்ன சோதனை வைத்தீர்கள்?

நியாயம். நான் சொன்னது பாதி பதில். அந்தச் சோதனையே வாக்கியத்தில்தான் நடக்கிறது; மொழி வளர வளரத் தேறுகிறவர்களும் கூடுகிறார்கள். ஆட்டிசம் உள்ள ஆய்வாளர் டேமியன் மில்டன் 2012-இல் சொன்னது உங்கள் வாதமேதான்: புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. 2020-இல் ஒரு கதையை ஒருவர் அடுத்தவருக்கு என்று வரிசையாகச் சொல்லவைத்துப் பார்த்தார்கள். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசை மற்றவர்களின் வரிசைக்குக் கொஞ்சமும் குறையவில்லை.

அப்படியானால் பேச்சுப் பயிற்சி எதற்கு?

தாகத்தைச் சொல்ல பிள்ளைக்கு ஒரு வழி வேண்டும். பேச்சோ, படமோ, சைகையோ, எதுவானாலும் சரி. நம்மைப் போல நடிக்க வைப்பதற்கல்ல.

டிவி சத்தத்துக்குத் திரும்புகிறானே, காது பார்க்கணுமா? (கோவை அம்மா)

பார்க்கணும் அம்மா. சில சத்தம் கேட்கும், பேச்சில் சில ஒலிகள் மட்டும் விழாமல் போகும். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பெரா டெஸ்ட் (சத்தத்துக்குக் காது நரம்பும் மூளையும் எப்படிப் பதில் தருகின்றன என்று பார்க்கும் சோதனை) பற்றிக் கேளுங்கள், தூங்கும்போதே எடுத்துவிடலாம்.