டிலிபரேட்: கேள்வி பதில்

ஆங்கிலத்தில் 'டிலிபரேட்' என்றால் 'வேண்டுமென்றே' என்றுதான் படித்தோம். 'டிலிபரேட் ஸ்டெப்ஸ்' என்று வந்தால் பொருந்தவில்லையே?

பெயரடையாக மூன்று பொருள் உண்டு: தெரிந்தே செய்தது, தீர யோசித்தது, நிதானமானது. நடை, பேச்சு, கையசைவு பற்றி வந்தால் பெரும்பாலும் நிதானம். பொய், தாக்குதல் பற்றி வந்தால் வேண்டுமென்றே. இந்தத் தமிழ்ச்சொல்லில் பழிசுமத்தும் தொனி இருப்பதால், 'டிலிபரேட் சாய்ஸ்' என்பதற்கு அதைப் போட்டால் பாராட்டு குற்றச்சாட்டாகிவிடும். 'யோசித்துத்தான் தேர்ந்தெடுத்தார்' என்று எழுதுங்கள்.

'லிபர்ட்டி'க்கு உறவா?

இல்லை. லத்தீனில் 'லீப்ரா' என்றால் தராசு. துலாம் ராசிக்கு 'லிப்ரா' என்ற பெயரும், பவுண்டு எடைக்கு 'எல்பி' என்ற சுருக்கமும் அதிலிருந்து வந்தவையே. மனத்துக்குள் எடைபோடுவதுதான் 'டேலீபெராரே'. நம் 'சீர்தூக்கிப் பார்த்தல்' அச்சாக இதே எண்ணம். 'லிபர்ட்டி' பிறந்தது 'லீபெர்' என்ற வேறு சொல்லில்.

உச்சரிப்பு?

அழுத்தம் இரண்டாம் அசையான 'லி'யில். வினைச்சொல் 'ரேட்' என்று நீண்டு முடியும். பெயரடை 'ரட்' என்று குறுகும். நீதிமன்றத்தில் ஜூரிகள் கூடி ஆலோசிப்பதைச் சொல்வது வினைச்சொல்.

'வித் ஆல் டிலிபரேட் ஸ்பீட்' என்றால் வேகமா, மெதுவா?

சிக்கலே அதுதான். கறுப்பின, வெள்ளையினக் குழந்தைகளுக்குத் தனித்தனிப் பள்ளி என்பது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1954இல் தீர்ப்பளித்தது. எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கு 1955இல் இந்தத் தொடரைப் பயன்படுத்தியது, கெடுதேதி தரவில்லை. 'ஸ்பீட்' விரைவு என்கிறது, 'டிலிபரேட்' நிதானம் என்கிறது. தென் மாநிலங்கள் நிதானத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. இழந்தது குழந்தைகளின் படிப்பு. அந்த நிதானத்துக்கான காலம் முடிந்தது என்று 1964இல் நீதிமன்றமே சொல்ல நேர்ந்தது. 1969இல்தான் 'உடனே' என்று தெளிவாக ஆணையிட்டது. மொழிபெயர்க்கும்போது 'உரிய நிதானத்தோடு, இயன்ற விரைவில்' என்று இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை விட்டால் வழக்கின் முடிச்சே தெரியாது.

இந்தியச் சட்டத்தில் வருகிறதா?

வருகிறது. 1927இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்ந்த 295ஏ பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தும் 'டிலிபரேட் அண்ட் மலீஷியஸ்' நோக்கத்தைத் தண்டித்தது. இங்கே 'வேண்டுமென்றே' சரி. ஆனால் 'தீய எண்ணத்தோடு' என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். கவனக்குறைவாக நேர்ந்த அவமதிப்பு இதில் அடங்காது என்று 1957இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. இன்று அதற்கு நேரானது, 2024இல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு.