இங்கிலாந்தில் குளத்து மீனுக்குத் தூண்டில் போட எந்த அளவு முள் வாங்குவது? பெரிய முள் போட்டால் பெரிய மீன் வருமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: வராது. வந்தாலும் முள் பெரிதாக இருந்ததால் வந்திருக்காது. இதை எங்கள் வீட்டிலேயே ஒருவருக்குப் புரியவைக்க முடியவில்லை. அந்த எரிச்சலில்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஊரில் கண்மாயிலோ வாய்க்காலிலோ மண்புழு கோத்துப் பழகியவர் என்று நினைக்கிறேன். இங்கே பக்கத்தில் டிக்கெட் வாங்கி உட்காரும் குளம் ஒன்றைப் பார்த்ததும் ஆசை வந்து கடைக்குப் போயிருப்பீர்கள். சுவர் முழுக்க முள் பாக்கெட் தொங்கியிருக்கும். சால்மன், ட்ரௌட் வகைகளை விட்டுவிட்டு மற்ற நன்னீர் மீன்களைப் பிடிப்பதுதான் இங்கே கோர்ஸ் ஃபிஷிங். ரோச், பெர்ச், ப்ரீம், டென்ச், கெண்டை எல்லாம் இதில் வரும். விரல் நீள ரோச்சும் பத்து கிலோ கெண்டையும் ஒரே குளத்தில் கிடக்கும்போது, மீனைப் பார்த்து முள் வாங்குவது எப்படி? எது வந்து கடிக்கும் என்று யாருக்குத் தெரியும்? இரை நம் கையில் இருக்கிறது. அதைப் பார்த்து வாங்குங்கள்.

எண் ஏற ஏற முள் சிறிதாகும். 20 என்றால் அரிசி மணி அளவுதான். ஒற்றை மேகட் (வெள்ளைப் புழு, கடைகளில் ஃப்ரிட்ஜில் வைத்துப் பைன்ட் கணக்கில் அளந்து தருவார்கள்) கோக்க 18 அல்லது 20. இரண்டு மூன்று புழுவாகக் கோத்தால் 16. டின்னில் வரும் சோளம் ஒரு மணிக்கு 14, இரண்டு மணிக்கு 12. மண்புழு, ரொட்டி, லஞ்சன் மீட் (டின்னில் வரும் இறைச்சி) துண்டு என்றால் 10, 8. அதற்கு மேல் 6, 4 எல்லாம் பெரிய கெண்டைக்கென்றே வரும் உருண்டை இரைகளுக்கு. இது பொதுவான கணக்கு. ஒரு கம்பெனியின் 14 இன்னொரு கம்பெனியில் 16 மாதிரி இருக்கும். இதற்கென்று எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே அளவுமுறை கிடையாது. அதனால் எண்ணை மட்டும் நம்பாமல், முள்ளின் நேரான தண்டுக்கும் கூருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். இரையைக் கோத்த பிறகும் கூர் வெளியே தெரிய வேண்டும். இரைக்குள் புதைந்துவிட்டால் மீன் வாய்க்குள் போய்விட்டுச் சும்மா திரும்பி வந்துவிடும். கடினமான இரைகளை முள்ளில் குத்தாமல், பக்கத்தில் ஒரு மெல்லிய இழையில் தொங்கவிடுவதும் இதற்காகத்தான்.

சின்ன முள்ளில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். கெண்டை, ப்ரீம் போன்றவை இரையைக் கவ்வுவதில்லை, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும், பிடிக்காவிட்டால் துப்பிவிடும். ஒற்றைப் புழுவைக் கனமான முள்ளில் மாட்டினால் அது மற்ற புழுக்களைப் போல மெல்ல இறங்காமல் கல்லாக அடியில் போய் உட்காரும். தினமும் தூண்டிலைப் பார்த்துப் பழகிய குளத்து மீன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

இப்போது என் மச்சான் கதை. மனைவியின் அண்ணன், போன கோடையில் ஊரிலிருந்து வந்திருந்தார். பெட்டியில் அப்பளம், வடகத்தோடு திருநெல்வேலியில் வாங்கிய முள்ளும் வந்தது. தடித்த கம்பி, சோளத்தைவிட நாலு மடங்கு பெரிது. என் 18-ஐக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, இத வெச்சு கொசுவா பிடிக்கப் போறீங்க?" என்றார். அவருக்கு ஒருநாள் லைசென்ஸ் எடுத்துக் கொடுத்துக் குளத்துக்குக் கூட்டிப் போனேன்.

குளத்துக்காரர் சுற்றி வந்தவர் மச்சானின் முள்ளைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நிற்குமே குட்டிக் கூர், அது இங்கே பெரும்பாலான டிக்கெட் குளங்களில் கூடாது. பிடித்த மீனைத் திரும்ப விட வேண்டும் என்பதால் வாய் கிழியாமல் முள் கழன்று வர வேண்டும். இவர் நல்ல மனிதர், இடுக்கியால் நசுக்கிவிட்டுப் போடச் சொன்னார். சில குளங்களில் நசுக்கியதையும் விட மாட்டார்கள், அதனால் நீங்கள் வாங்கும்போதே அந்தக் கூர் இல்லாத முள்ளாக வாங்கிவிடுங்கள். நூல் தொய்யாமல் வைத்திருந்தால் மீன் கழன்று போகாது.

மச்சான் ஒற்றைச் சோளத்தை அந்த முள்ளில் மாட்டினார். தக்கை ஆடும், இழுப்பார், ஒன்றும் இருக்காது. பக்கத்தில் எனக்கு ஒரு புழுவுக்கு ஒரு ரோச் வந்துகொண்டிருந்தது. எல்லாம் உள்ளங்கை அளவுதான், ஆனால் வந்துகொண்டே இருந்தது. மதியம் வரை மனிதர் பேசவே இல்லை. அப்புறம் சாண்ட்விச்சுக்கு வைத்திருந்த லஞ்சன் மீட் டின்னைத் திறந்து, தீப்பெட்டியில் பாதி அளவுக்கு வெட்டி அதே முள்ளில் மாட்டி, என் கெண்டைத் தூண்டிலில் போட்டார். சாயங்காலம் ஒரு கெண்டை விழுந்தது. பெரிய மீன்தான், மறைக்கவில்லை. வலையில் தூக்கி, பாயில் கிடத்தி, போட்டோ எடுத்து, திரும்ப விட்டோம். வீடு வந்து சேர்வதற்குள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் "பெரிய முள், பெரிய மீன்" என்று போட்டோ போய்விட்டது. இன்றுவரை அதுதான் பேச்சு.

நீங்களே சொல்லுங்கள். அந்தத் துண்டுக்கு அந்த முள் சரி. காலையில் சோளத்துக்கு அதே முள் தப்பு. இதைத்தானே நானும் சொல்கிறேன்? குரூப்பில் விளக்கினால் "மாப்பிள்ளைக்கு வயிற்றெரிச்சல்" என்கிறார்கள்.

மீன் பிடிப்பதென்றாலே நம் ஆட்களுக்கு ஓர் இளப்பம் என்பதையும் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் கோடைச் சுற்றுலாவுக்கு யோசனை கேட்டார்கள், குளக்கரையில் ஒருநாள் என்றேன். "அதெல்லாம் நமக்கெதுக்கு" என்று சிரித்துவிட்டு கோல்ஃப் மைதானத்தில் பாதிப் பேருக்குப் புரியாத விளையாட்டை ஏற்பாடு செய்தார்கள். அதே கமிட்டிதான் பொங்கலுக்குத் தலைக்குப் பதினைந்து பவுண்டு வாங்கிக்கொண்டு சர்க்கரைப் பொங்கலில் முந்திரி போடாதது. சரி, அதை விடுங்கள்.

போட்டிக்குத் தூண்டில் போடுபவர்கள் இதைப் படித்தால் சண்டைக்கு வர வேண்டாம். அவர்கள் 22 போடுவதும் கம்பியின் தடிமனைத் தனித்தனியாகப் பார்ப்பதும் எனக்குத் தெரியும். புதிதாக வருபவருக்கு அது தேவையில்லை. "தின்னாத மீனை எதற்குப் பிடிக்கணும்" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை.

முள்ளின் தலையில் இரண்டு வகை உண்டு. காது உள்ளதில் நூலைக் கோத்து எந்த முடிச்சும் போடலாம். சின்ன முட்களில் பெரும்பாலும் காது இருக்காது, தலை தட்டையாக இருக்கும். நூலைத் தண்டில் சுற்றிக் கட்ட வேண்டும், குளிரில் விரல் விறைத்தபோது அதைச் செய்வது பெரும்பாடு. ஆரம்பத்தில் நூலோடு கட்டியே விற்கும் பாக்கெட்டை வாங்குங்கள். 18-க்கு 3 பவுண்டு எடை தாங்கும் நூல், 10-க்கு 6 பவுண்டு எடை தாங்கும் நூல் இருந்தால் போதும். முள்ளைக் கட்டும் இந்தக் கடைசி நூல், ரீலில் உள்ள நூலைவிடப் பலவீனமாக இருக்கட்டும். செடியில் சிக்கினால் முள் மட்டும்தான் போகும். மெல்லிய கம்பி முள்ளைத் தடித்த நூலில் கட்டினால் பெரிய மீன் முள்ளையே நிமிர்த்திவிடும். கட்டைவிரல் நகத்தில் முள்ளை லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கினால் தூக்கிப் போட்டுவிடுங்கள். தொண்டைக்குள் போன சின்ன முள்ளை எடுக்க டிஸ்கார்ஜர் என்று ஒரு குச்சி விற்கிறது, பெரிய விலை இல்லை, அது இல்லாமல் போகாதீர்கள்.

ஆக, 18, 14, 10 என்று மூன்று பாக்கெட் வாங்குங்கள், இந்த வருஷத்துக்குப் போதும். குளத்து டிக்கெட் வேறு, அரசாங்க லைசென்ஸ் வேறு. லைசென்ஸ் இல்லாமல் மாட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை ஆறுகளில் போடக்கூடாது, பெரும்பாலான குளங்களுக்கு அந்தத் தடை இல்லை. எந்த ஊர் என்று கீழே எழுதுங்கள், பக்கத்தில் எனக்குத் தெரிந்த குளம் இருந்தால் சொல்கிறேன்.