‘லாட்’ என்று வைப்பதா, ‘பொருள்’ என்று வைப்பதா?

கேள்வி: பேர்ணாம்பட்டில் ஒரு தோல் தொழிற்சாலைக்கு ஸ்டாக் கணக்கு மென்பொருள் எழுதுகிறேன். அங்கே ஒன்றாகச் சேர்த்துக் கையாளும் தோல் தொகுதியை எல்லோரும் ‘லாட்’ என்றுதான் சொல்கிறார்கள். பிற்பாடு ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கும் விற்க எண்ணம். அதனால் இப்போதே ‘பொருள்’ என்று பொதுவாக வைத்துவிடலாமா?

பதில்: வேண்டாம், ‘லாட்’ என்றே வையுங்கள். ‘பொருள் 214’ என்று திரையில் பார்க்கிற மேஸ்திரிக்கு அது தோலா, குரோம் பவுடரா என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் யாரையாவது கேட்பார். சீக்கிரமே பழைய நோட்டுக்குத் திரும்பிவிடுவார். ஷூ கம்பெனியில் பேச்சே ஜோடி, சைஸ், ஆர்டர் என்று போகும். நீங்கள் இன்று ஊகித்து வைக்கும் பொதுச்சொல் அங்கேயும் ஒட்டாது.

அதற்காக எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடாதீர்கள். பச்சைத்தோலைப் பீஸ் கணக்கில் எண்ணுகிறார்கள். ஃபினிஷ் ஆன தோலைச் சதுர அடியில் அளக்கிறார்கள். இரண்டையும் ‘தோல்’ என்று ஒரே டேபிளில் போட்டால் முதல் மாதக் கணக்கே இடிக்கும். லாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. வெட் ப்ளூவை (குரோமில் பதனிட்ட ஈரத்தோலை) செலக்‌ஷன் பார்த்தபின், அதாவது தரம் பிரித்தபின், ஒரு பங்கு கிரஸ்ட்டுக்கு (ஃபினிஷுக்கு முந்தைய உலர்ந்த தோல் நிலைக்கு) போகும், மீதி வேறு ஆர்டருக்காக நிற்கும். பிரிந்த பங்கும் லாட்தானா? செலக்‌ஷன் பார்ப்பவரிடமே கேளுங்கள். அவர் வேறு சொல் சொன்னால் அதையே வையுங்கள். இந்த வேறுபாடு இன்றைக்கே கண்முன் இருக்கிறது, அதனால் இதற்குத் தனிப்பெயர் கட்டாயம் வேண்டும்.

ஒன்றுக்குப் பல பெயர் வைப்பதும் தொல்லைதான். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ (Git) என்ற மென்பொருளில் இன்டெக்ஸ், கேஷ், ஸ்டேஜிங் ஏரியா மூன்றும் ஒரே இடத்தைக் குறிப்பவை. புதிதாகக் கற்க வருகிறவர்கள் அங்கே திணறுவதைப் பார்க்கவே பாவமாக இருக்கும்.

சரி, பின்னால் பெயர் மாறினால்? அந்த வசதியை டேட்டாபேஸில் வையுங்கள். ஒவ்வொரு லாட்டுக்கும் அர்த்தமில்லாத ஓர் எண் அடையாளமாக இருக்கட்டும். திரையில் தெரியும் சொற்கள் தனிக் கோப்பில் இருக்கட்டும். நம் மாவட்டத்தையே பாருங்கள். 1989-ல் வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்தது. நம் பக்கம் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகி, பிறகு வேலூர் மாவட்டமானது. 2019-ல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனியாகின. ஆம்பூரில் வீடு மாறாதவருக்கும் மாவட்டம் மாறிவிட்டது. மாவட்டப் பெயரை ஒவ்வொரு வாடிக்கையாளர் பதிவிலும் எழுதியிருந்தால் அத்தனையையும் திருத்த வேண்டும். ஊர் டேபிளில் மட்டும் வைத்திருந்தால் ஆம்பூருக்கு ஒரு வரி மாற்றினால் போதும்.

உங்கள் கையை விட்டு வெளியே போகும் பெயர்களில் மட்டும் நிதானம் தேவை. ஆடிட்டருக்குப் போகும் எக்செல் தலைப்புகள், மற்ற மென்பொருள் படிக்கும் ஃபீல்டு பெயர்கள் போன்றவை. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான ஹெச்டிடிபியில், எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்று சொல்லும் ‘ரெஃபரர்’ என்ற தலைப்பு ஆங்கிலத்தில் ஓர் எழுத்து குறைந்து (Referer), 1996-ல் வந்த ஆவணத்திலேயே பிழையாகப் பதிவானது. ஊர் உலகமெல்லாம் அதை நம்பி நிரல் எழுதிவிட்டதால் இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

எனவே எக்செல் தலைப்புகளை அனுப்பும் முன் தொழிற்சாலையில் அரை நாள் உட்காருங்கள். “லாட்டைப் பிரி”, “லாட்டை மூடு” என்று உங்கள் பட்டன்களில் இருப்பதை அவர்களிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எங்கே “அப்படின்னா?” என்று கேட்கிறார்களோ, அந்தச் சொல்லை அங்கேயே மாற்றிவிடுங்கள்.