எழுத உட்கார்ந்தால் நன்றி வரவில்லையே, டாக்டர்?

கேள்வி: எனக்கு 46 வயது. மாமியார் பக்கவாதம் வந்து ஒரு வருடத்துக்கு மேலாகப் படுக்கையில் இருக்கிறார். கணவருக்கு விசைத்தறிப் பட்டறையில் வேலை. மகன் வெளியூரில் படிக்கிறான். பகல் முழுக்க வீட்டில் நானும் மாமியாரும்தான். நானும் இரண்டு வருடமாக பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறேன். ராத்திரி 3 மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் வருவதில்லை. முன்பு பிடித்த எதிலும் இப்போது பிடிப்பு இல்லை. "தினமும் காலையில நன்றி சொல்ல வேண்டிய பத்து விஷயத்தை எழுதுங்க அண்ணி, பாசிட்டிவா இருந்தாலே பாதி வியாதி போயிடும்" என்று நாத்தனார் ஒரு டைரி வாங்கிக் கொடுத்தார். எழுத உட்கார்ந்தால் நாலாவதுக்கு மேல் ஒன்றும் வரவில்லை. நேற்று எழுதியதையே இன்றும் எழுதுகிறேன். வீடு இருக்கிறது, சாப்பாடு இருக்கிறது, இவ்வளவு இருந்தும் மனசு நிறையவில்லையே என்று அழுகைதான் வருகிறது. இப்படி எழுதுவதால் உண்மையிலேயே பிரஷர் குறையுமா? நான் நன்றி கெட்டவளா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்)

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை அம்மா, நீங்கள் நன்றி கெட்டவர் இல்லை. ஓய்வே கிடைக்காமல் களைத்துப் போயிருக்கிறீர்கள். கூடவே, பரிசோதித்துப் பார்க்க வேண்டிய உடல்நலப் பிரச்சினை ஏதோ ஒன்றும் இருக்கலாம் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. அதற்குப் பின்னால் வருகிறேன். முதலில் டைரி.

நாலாவதுக்கு மேல் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அது எல்லோருக்கும் நடப்பதுதான். 1991-ல் நார்பர்ட் ஷ்வார்ஸ் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு சோதனை செய்தார்கள். நீங்கள் தயங்காமல் உங்கள் கருத்தை எடுத்துச் சொன்ன 6 சந்தர்ப்பங்களைச் சொல்லுங்கள் என்று சிலரிடம் கேட்டார்கள். வேறு சிலரிடம் 12 கேட்டார்கள். அதன் பிறகு, நீங்கள் எவ்வளவு துணிச்சலானவர் என்று நினைக்கிறீர்கள் என்று எல்லோரிடமும் கேட்டார்கள். 12 சந்தர்ப்பங்களை யோசித்தவர்கள்தான் தங்களைத் துணிச்சல் குறைந்தவர்களாகச் சொன்னார்கள். ஐந்தாறு உதாரணம் சட்டென்று வந்துவிடும். அதற்கு மேல் தேட வேண்டியிருக்கும். தேடுவது கஷ்டமாக இருந்ததை வைத்தே, "அப்படியானால் எனக்குத் துணிச்சல் குறைவுதான் போல" என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது.

உங்களுக்கு நடப்பதும் இதுதான். பத்து என்ற எண்ணிக்கைதான் உங்களை அழ வைக்கிறது. ஐந்தாவதைத் தேடித் திணறும் நேரத்தில், "எனக்கு நன்றியுணர்வே இல்லை" என்று உங்கள் மனம் தப்பாகக் கணக்குப் போடுகிறது. அதுவும் விடியற்காலையில் மாமியாருக்கு உடை மாற்றி, கஞ்சி கொடுத்து, கணவருக்கு டிபன் கட்டும் அவசரத்துக்கு நடுவில்! அந்த டைரியை இப்போதைக்கு மூடி வையுங்கள். வேறு விதமாகத் திறக்கச் சொல்கிறேன்.

நாத்தனார் சொன்னதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2003-ல் அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இருவர் வெளியிட்ட ஆய்விலிருந்துதான் இந்த எழுதும் பழக்கம் பெரிதாகப் பேசப்பட ஆரம்பித்தது. அதில் ஒரு குழு நன்றி தோன்றிய விஷயங்களையும், இன்னொரு குழு எரிச்சலூட்டிய விஷயங்களையும், மூன்றாவது குழு பொதுவான நிகழ்ச்சிகளையும் எழுதியது. வாரத்துக்கு ஒரே ஒரு முறை, அதிகபட்சம் ஐந்து, இப்படி 10 வாரம். நன்றி எழுதியவர்களுக்குத் தங்கள் வாழ்க்கையைப் பற்றிய திருப்தி கூடியிருந்தது, உடம்பு உபாதைகளைப் பற்றிய புகாரும் குறைந்திருந்தது. அதே ஆய்வின் இன்னொரு பகுதியில் நரம்பு, தசை நோய் உள்ளவர்கள் 21 நாள் தினமும் எழுதினார்கள். அவர்களுக்குத் தூங்கும் நேரம் கூடியிருந்தது. நோயோடு இருப்பவர்களுக்கும் பலன் கிடைத்ததால் எனக்கு இந்தப் பகுதி முக்கியமாகப் படுகிறது.

சோன்யா லுபோமிர்ஸ்கி என்ற ஆய்வாளர் ஒரு குழுவை வாரம் ஒரு முறையும், இன்னொரு குழுவை வாரம் மூன்று முறையும் எழுத வைத்துப் பார்த்தார். வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குத்தான் மனநிறைவு கூடியது. அடிக்கடி எழுதினால் அது ஒரு வீட்டுப்பாடமாகிவிடுகிறது. நேற்று எழுதியதையே இன்றும் எழுதுகிறேன் என்கிறீர்களே, அந்த இடத்தில் பலன் நின்றுவிடுகிறது.

ஆனால் இதன் அளவையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 2021-ல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இது பற்றிய 27 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார்கள். மனச்சோர்வும் பதற்றமும் குறைவதில் இந்தப் பயிற்சிகளின் பங்கு சிறியதுதான், இதையே சிகிச்சையாக நம்பக் கூடாது என்றுதான் முடிவு வந்தது. 2024-ல் வந்த இன்னொரு ஆய்வை நீங்கள் வாட்ஸ்அப்பில் பார்த்திருக்கலாம். சராசரியாக 79 வயதான 49,000-க்கும் அதிகமான அமெரிக்கச் செவிலியர்களில், நன்றியுணர்வு மிகுந்தவர்களிடையே இறப்பு 9 சதவீதம் குறைவாக இருந்தது என்றார்கள். இரண்டும் சேர்ந்து காணப்பட்டன என்பதை மட்டும்தான் அதிலிருந்து சொல்ல முடியும். நன்றி சொன்னதால்தான் ஆயுள் நீண்டது என்று அது நிரூபிக்கவில்லை. ஆகவே பிரஷர் குறையும் என்று நம்பி டைரி எழுத வேண்டாம். மாத்திரையை நிறுத்தவே கூடாது.

சரி, பிறகு எதற்குத்தான் எழுதுவது? பல் வலிக்கும் இடத்துக்கே நாக்கு திரும்பத் திரும்பப் போவதுபோல, மனசும் நாள் முழுக்க நடந்ததில் வலித்ததையே போய்த் தொடும். ஆபத்தைக் கவனித்தவர்கள்தான் பிழைத்தார்கள் என்பதால் மூளை அப்படிப் பழகியிருக்கிறது. இதில் உங்கள் குற்றம் எதுவும் இல்லை. இந்தப் பயிற்சியால் வலி மறையாது. அதே நாளில் நடந்த வேறு ஒன்றும் கண்ணில் படும், அவ்வளவுதான். ஆனால் 3 மணிக்கு விழித்துப் படுத்திருப்பவருக்கு அந்த வேறு ஒன்று பெரிய துணை.

அதனால் எழுதும் விதத்தை மாற்றுங்கள். வாரத்தில் ஒரு ராத்திரி போதும். மாமியாருக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்த பிறகு, இரண்டோ மூன்றோ எழுதுங்கள். "நல்ல குடும்பம், சாப்பாடு" என்ற பொதுவான வரி வேண்டாம். அது எந்த நாளைக்கும் பொருந்தும், அதனாலேயே எந்த நாளையும் தொடாது. "இன்று அத்தையைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது எதிர்வீட்டு அக்கா வந்து ஒரு கை கொடுத்தாள்." "ஒரு வாரமாக விழுங்க மறுத்தவர் இன்று இரண்டு இட்லி சாப்பிட்டார்." இப்படி நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அது ஏன் நடந்தது என்று ஒரு வரியும் சேருங்கள். 2005-ல் மார்ட்டின் செலிக்மன் குழுவினர் ஒரு வாரம், ராத்திரிதோறும் மூன்று நல்ல விஷயங்களையும் அவற்றின் காரணத்தையும் எழுத வைத்தார்கள். ஆறு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. இரண்டு இட்லி இறங்கியதற்குக் காரணம் நீங்கள் பொறுமையாகப் பிசைந்து ஊட்டியது என்றால் அதையும் எழுதுங்கள். உங்களுக்கே நீங்கள் நன்றி சொல்லிக்கொள்வது தவறில்லை.

ஒன்றும் தோன்றாத வாரம் வந்தால் எழுதாமல் விடுங்கள். அழுகை வந்தால் அந்த அழுகையை எழுதுங்கள்.

எழுதுவதைவிட எனக்கு நம்பிக்கை அதிகம் உள்ள வழி, சம்பந்தப்பட்டவரிடமே சொல்லிவிடுவது. நம் வீடுகளில் நேருக்கு நேர் நன்றி சொல்லும் வழக்கம் குறைவு. எதிர்வீட்டு அக்காவிடம் போய், "நீங்க வந்ததாலதான் அன்னிக்கு என்னால முடிஞ்சுது அக்கா" என்று சொல்லிப் பாருங்கள். அவர் என்ன நினைப்பாரோ என்று கூச்சமாக இருக்கும். 2018-ல் அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இருவர் இந்தக் கூச்சத்தையே ஆராய்ந்தார்கள். நன்றிக் கடிதம் எழுதியவர்கள், வாங்குபவருக்கு அது சங்கடமாக இருக்கும் என்று நினைத்த அளவுக்கு, வாங்கியவர்களுக்குச் சங்கடம் இல்லை. எதிர்பார்த்ததைவிட அதிகமாக மகிழ்ந்திருந்தார்கள். உங்கள் நிலையில் இதற்கு இன்னொரு பயனும் இருக்கிறது. பகல் முழுக்கப் பேச ஆளில்லாத உங்களுக்கு ஒரு மனிதரோடு பேச்சு தொடங்கும்.

அப்புறம், "மற்றவர்களுக்கு உதவினால் மனசு லேசாகும்" என்ற அறிவுரையும் உங்களுக்கு வந்திருக்கும். பொதுவாக அது உண்மைதான். பிறருக்காகச் செலவு செய்தவர்கள் தனக்காகச் செலவு செய்தவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தார்கள் என்று 2008-ல் 'சயின்ஸ்' இதழில் ஆய்வு வந்தது. ஆனால் நெட்டா வைன்ஸ்டைன், ரிச்சர்ட் ரயன் என்ற இருவர் 2010-ல் வெளியிட்ட ஆய்வுகளை அதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். தானாக விரும்பிச் செய்த உதவி செய்தவருக்குத் தெம்பைக் கொடுத்தது. வேறு வழியில்லாமல் செய்த உதவிக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஒரு வருடமாக ராத்திரி பகல் பார்க்காமல் ஒருவரைச் சுத்தம் செய்து, திருப்பிப் படுக்க வைத்து, ஊட்டி வருகிறீர்கள். இதைவிடப் பெரிய கருணை எனக்குத் தெரியாது. ஆனால் அதில் நீங்கள் தேர்ந்தெடுத்த பங்கு எவ்வளவு, வேறு ஆள் இல்லாததால் உங்கள் தலையில் விழுந்த பங்கு எவ்வளவு? மற்றவர்களிடம் இன்னும் அன்பாக இருங்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்பு இப்போது உங்கள் பக்கம் வர வேண்டும். வாரத்தில் ஒரு முழு நாள் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நாத்தனாரிடம் கேளுங்கள். அவருக்கு உங்கள் மேல் அக்கறை இருப்பதால்தான் டைரி வாங்கிக் கொடுத்தார், கேட்டால் தட்ட மாட்டார் என்றே நினைக்கிறேன். உங்கள் கணவர் இதைப் படித்தால் அவரிடமும் ஒன்று கேட்கிறேன்: பட்டறை விடுமுறை நாளில் ராத்திரி வேளையை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டியிருக்கும். அது ஒருவரே செய்து தாங்கும் வேலை இல்லை.

'பாசிட்டிவா இரு' என்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மனம் சோர்ந்திருப்பவருக்கு இந்த வார்த்தை சில நேரம் தீங்கே செய்கிறது. 2009-ல் கனடாவில் ஜோன் வுட் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். தங்களைத் தாங்களே தாழ்வாக நினைப்பவர்கள் "நான் நேசிக்கத் தக்கவன்" என்ற வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னபோது, சொல்லாதவர்களைவிட மோசமாக உணர்ந்தார்கள். உள்ளே வேறொன்று இருக்கும்போது வாய் மட்டும் சொன்னால் மனம் எதிர்த்துப் பேசும். நல்ல மனநிலை இருந்தால் பாதி வியாதி போய்விடும் என்பதும் சரியில்லை. தலை, கழுத்துப் புற்றுநோய் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பற்றி 2007-ல் வந்த ஆய்வில், அவர்களின் மனநலத்துக்கும் எவ்வளவு காலம் உயிரோடு இருந்தார்கள் என்பதற்கும் தொடர்பு காணப்படவில்லை. நோய் குணமாகாதபோது "நான் சரியாக நினைக்கவில்லை போல" என்று நோயாளி தன்னையே குற்றம் சொல்லிக்கொள்வதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கு அந்தச் சுமை வேண்டாம்.

இப்போது பரிசோதனை. விடியும் முன்பே விழிப்பு, பிடித்த விஷயங்களில் பிடிப்பின்மை, அழுகை, குற்ற உணர்ச்சி. இவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இருந்தால் மனச்சோர்வு நோயா என்று கட்டாயம் பார்க்க வேண்டும். அது குணப்படுத்தக்கூடியது. ஆலோசனை சிகிச்சையும், தேவைப்பட்டால் மாத்திரையும் நன்றாக வேலை செய்யும். கூடவே ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 பாருங்கள். இரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே களைப்பைக் கொடுக்கும். 46 வயதில் மாதவிடாய் நிற்கப்போகும் காலத்து மாற்றமும் தூக்கத்தைக் கெடுக்கலாம். என்ன பிரஷர் மாத்திரை என்று நீங்கள் எழுதவில்லை. பீட்டா பிளாக்கர் வகை சிலருக்குத் தூக்கத்தைப் பாதிக்கும், சிறுநீரை அதிகரிக்கும் வகையை ராத்திரியில் சாப்பிட்டால் எழுந்திருக்க வேண்டி வரும். நீங்களாக எதையும் மாற்றாமல், அட்டையை எடுத்துப் போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள்.

அரசுத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும். போக முடியாத நாளில் 14416 என்ற டெலி மானஸ் அரசு மனநல உதவி எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமில்லாமல் அழைக்கலாம், தமிழில் பேசலாம். இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் அன்றே அழையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

மாமியாருக்காக ஒன்று. 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் நோய்த்தணிப்புப் பராமரிப்பும் தருகிறார்கள். இதுவரை பதிவு செய்யவில்லை என்றால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அவர்கள் வரும் நாளில் மாமியாருக்குப் பார்த்து முடித்ததும் உங்கள் கையையும் நீட்டி பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். பிரஷருக்கு இரண்டு மாத மருந்தை வீட்டிலேயே தரும் வசதியும் அந்தத் திட்டத்தில் இருக்கிறது, அதற்கு உங்கள் பெயரையும் சேர்த்துக் கொடுங்கள்.